பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஒரு லிங்க் எரரின் முழு விசாரணை

பழைய பத்திரிகைப் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நண்பர்கள் சிலர், அவற்றிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க ஒரு சின்ன டெஸ்க்டாப் நிரல் எழுதியிருந்தார்கள். சி++ மொழி, திரைக்கு க்யூட்டி 5, ஓசிஆர் வேலைக்கு டெசராக்ட். இடப்பக்கம் படம், வலப்பக்கம் உரை. பின்னணியில் ஒரு த்ரெட் பக்கம் பக்கமாக டெசராக்டிடம் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும். எழுதியவரின் கணினியில் உபுண்டு 22.04. பில்ட் ஆகாமல் அடம்பிடித்த கணினியிலும் அதே உபுண்டு 22.04. சோர்ஸ் ஒன்று, கம்பைலரான ஜிசிசி 11 ஒன்று, உபுண்டுவின் ஆப்ட் கருவி வழியே போட்ட பாக்கேஜ்களும் ஒன்றே. அங்கே ஓடியது, இங்கே கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் லிங்கர் ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் நின்றது.

"அண்ணா, அவர் மெஷின்ல ஓடுது, என் மெஷின்ல மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டுக் குழுவில் இளையவர் ஒருவர் எரரை அனுப்பியிருந்தார். அதன் முதல் வரி:

/யுஎஸ்ஆர்/பின்/எல்டி: லிப்லெப்ட்.எஸ்ஓ.5: அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு 'டிஃப்க்ளோஸ்@லிப்டிஃப்_4.0'

கீழே டிஃப்ஓப்பன், டிஃப்கெட்ஃபீல்ட் என்று இதே ரகத்தில் இன்னும் பல வரிகள். எல்டி என்பதுதான் லிங்கர். இந்தப் பெயருள்ள ஃபங்ஷனைத் தேடினேன், கிடைக்கவில்லை என்கிறது அது.

லிப்லெப்ட் என்பது லெப்டோனிகா. படக்கோப்புகளைத் திறக்கவும், சாய்வை நிமிர்த்தவும், கறுப்பு வெள்ளையாக்கவும் டெசராக்ட் நம்பியிருக்கும் லைப்ரரி. டிஃப் படங்களைப் படிக்க அது லிப்டிஃப்பை நாடுகிறது. ஆக, எரரை அப்படியே படித்தால் லெப்டோனிகா கெட்டுப்போயிருக்கிறது, இல்லையென்றால் லிப்டிஃப் இல்லை. தம்பியும் அப்படித்தான் படித்தார். இரண்டையும் ஆப்ட் வழியே அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். எரரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறாது என்பதுதான் இங்கே முதல் தடயம்.

இரண்டாவது தடயம் பில்ட் எங்கே நின்றது என்பதில் இருந்தது. இந்த நிரலில் ஓசிஆர் பகுதி நிரல் ஓடும்போது வந்து சேரும் தனி ஷேர்ட் லைப்ரரியாக, லிப்பக்கம் என்ற பெயரில், முதலில் பில்ட் ஆகும். அதுவும் லெப்டோனிகாவோடுதான் லிங்க் ஆகிறது. ஆனால் அது முணுமுணுப்பில்லாமல் முடிந்துவிட்டது. கடைசியில், நேரடியாக ஓட்டக்கூடிய எக்ஸிக்யூட்டபிளை உருவாக்கும்போதுதான் எரர். காரணம் எளிது. ஷேர்ட் லைப்ரரியை உருவாக்கும்போது, தீராத சிம்பல்கள், அதாவது எங்கே இருக்கின்றன என்று இன்னும் தெரியாத ஃபங்ஷன் பெயர்கள், இருந்தால் 'பரவாயில்லை, பின்னால் யாராவது தருவார்கள்' என்று லிங்கர் விட்டுவிடும். எக்ஸிக்யூட்டபிள் என்றால் விடாது. கூட வரும் ஷேர்ட் லைப்ரரிகளுக்குள்ளும் எட்டிப் பார்த்து, அவற்றுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கிறதா என்று கணக்குக் கேட்கும். பல பில்டுகள் 90 சதவீதம் வரை சிரித்துக்கொண்டே போய்க் கடைசிப் படியில் விழுவது இதனால்தான்.

எந்த லிப்டிஃப்?

சிஸ்டத்தில் இருக்கும் லிப்டிஃப்பை, உள்ளே இருக்கும் சிம்பல்களைப் பட்டியலிடும் 'என்எம்' கட்டளையில் மைனஸ் பெரிய டி போட்டுப் பார்த்தோம். டிஃப்க்ளோஸ் இருந்தது, பக்கத்திலேயே லிப்டிஃப்_4.0 என்ற பதிப்பு முத்திரையும் இருந்தது. லெப்டோனிகா கேட்பது அதே பெயர், அதே முத்திரை. கேட்ட பொருள் கடையில் இருக்கிறது, ஆனாலும் லிங்கர் இல்லை என்கிறது. அப்படியானால் லிங்கர் பார்த்தது இந்தக் கோப்பை அல்ல. இந்த இடத்தில் பெரும்பாலானோர் பில்ட் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் சிமேக் கோப்பைத் திறந்து ஃப்ளாக் மேல் ஃப்ளாகாகச் சேர்க்கத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் லிங்கரையே கேட்டுவிடலாம். வெர்போஸ் என்ற ஆப்ஷனை லிங்கருக்குக் கொடுத்தால், எந்தக் கோப்பை எங்கே தேடியது, எங்கே கண்டது என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும். பக்கம் பக்கமாக வரும், அதில் லிப்டிஃப் என்று தேடினால் போதும். அடுத்தடுத்து இரண்டு வரிகள் கிடைத்தன. முதல் வரி, லிப்லெப்ட்.எஸ்ஓ.5-க்கு லிப்டிஃப்.எஸ்ஓ.5 தேவை என்றது. அடுத்தது, லிப்டிஃப்.எஸ்ஓ.5 கிடைத்த இடம் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் கோண்டாவின் லிப் ஃபோல்டர் என்றது.

கோண்டாவா? அது பைத்தான் வேலைக்கான பாக்கேஜ்களைத் தனிச் சூழலாக வைத்துக்கொள்ளும் கருவி. இது சி++ நிரல். பைத்தானுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தம்பியிடம் கேட்டால், எப்போதோ ஒரு பைத்தான் வேலைக்காகப் போட்டது, அதன் அடிப்படையான பேஸ் சூழலிலேயே, க்யூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைக்யூட்டியும் படங்களைக் கையாளும் பில்லோவும் இருக்கின்றன என்றார். எழுதியவரின் கணினியில் கோண்டாவே இல்லை. இரண்டு கணினிகளுக்கும் இருந்த வேறுபாடு அதுதான்.

லிங்கர் ஏன் அங்கே போனது என்பதற்கு, சிமேக் தன் பில்ட் ஃபோல்டரில் எழுதிவைக்கும் லிங்க்.டிஎக்ஸ்டி கோப்பைத் திறந்தோம். லிங்கருக்குப் போகும் முழுக் கட்டளையும் அதில் ஒரே வரியாக இருக்கும். க்யூட்டியின் மூன்று லைப்ரரிகளும் கோண்டா ஃபோல்டரின் முழு முகவரியோடு அதில் நின்றன. கூடவே, லைப்ரரிகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் ஆர்பாத் ஆப்ஷனும் அதே ஃபோல்டரைக் காட்டியது. ஒரு லைப்ரரிக்குத் தேவையான இன்னொரு லைப்ரரியைத் தேடும்போது, லிங்கர் சிஸ்டத்தின் வழக்கமான இடங்களுக்குப் போகும் முன்பே ஆர்பாத்தில் சொன்ன இடத்தில் பார்த்துவிடும். அங்கே லிப்டிஃப்.எஸ்ஓ.5 என்று ஒரு கோப்பு இருந்தது. பெயர் சரியாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டது.

ஒரே தெருவில் இரண்டு முருகன் இருந்தால் தபால் முதல் வீட்டில்தான் விழும். லிப்டிஃப்.எஸ்ஓ.5 போன்ற எஸ்ஓ நேம் என்பது வெறும் பெயர்தான். 5 என்ற எண் ஒத்துப்போனால், உள்ளே இருப்பது யார் பில்ட் செய்தது என்று லிங்கர் விசாரிப்பதில்லை. டெபியன்காரர்கள் தங்கள் லிப்டிஃப்பில் ஒவ்வொரு சிம்பலுக்கும் லிப்டிஃப்_4.0 என்று முத்திரை குத்துகிறார்கள். டெபியன் வழிவந்த உபுண்டுவிலும் அது உண்டு. கோண்டா சூழலில் இருந்த லிப்டிஃப்பில் அந்த முத்திரை இல்லை. உபுண்டுவின் லெப்டோனிகா முத்திரையோடு கேட்கிறது, கையில் இருப்பதோ முத்திரையில்லாதது. இதே கோப்பு நிரல் ஓடும் நேரத்தில் லைப்ரரிகளை ஏற்றும் லோடர் கையில் கிடைத்திருந்தால், பதிப்புத் தகவல் இல்லை என்று ஓர் எச்சரிக்கையோடு விட்டிருக்கும். லிங்கர் அவ்வளவு இளகிய மனசுக்காரர் இல்லை.

ஆக, லெப்டோனிகா மீது பழி, லிப்டிஃப் மீது சந்தேகம். உண்மையில் வழிமாறியது க்யூட்டி. எரரில் அதன் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

சரி, க்யூட்டி எப்படி அங்கே போனது? சிமேக்கின் ஃபைண்ட் பாக்கேஜ் கட்டளை, கட்டளைகள் இருக்கும் இடங்களைப் பட்டியலிடும் பாத் என்ற சூழல் மாறியில் இருக்கும் ஒவ்வோர் இடத்தையும் பார்க்கும். அது 'பின்' என்று முடிந்தால், அதன் தாய் ஃபோல்டருக்குள்ளும் பாக்கேஜ் இருக்கிறதா என்று தேடும். டெர்மினலைத் திறந்தவுடன் கோண்டாவின் பேஸ் சூழல் தானாகவே ஆக்டிவேட் ஆகி, அதன் பின் ஃபோல்டர் பாத்தின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. பைக்யூட்டியோடு வந்த க்யூட்டி 5.15.2 அங்கே தயாராக இருந்தது. ஆப்ட் வழியே போட்ட 5.15.3 பின்னால் வரிசையில் நின்றது. சிமேக் கேஷ் கோப்பில் க்யூட்டி5_டிஐஆர் என்ற வரி இதை அப்பட்டமாகச் சொன்னது. இத்தனைக்கும் இதில் எந்தக் கருவியும் தப்பு செய்யவில்லை. தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடே வைத்துக்கொள்வதுதான் கோண்டாவின் வேலை, பாத்தைப் பார்ப்பது சிமேக்கின் விதி.

சுற்றில் இருக்கும் கைவைத்தியம்

நான் எட்டிப் பார்க்கும் முன்பே தம்பி ஒரு வைத்தியம் முயன்றிருந்தார். இந்த எரருக்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம்தான்: கோண்டா சூழலிலிருந்து லிப்டிஃப்பை மட்டும் வலுக்கட்டாயமாக நீக்கிவிடுவது. நீக்கினால் லிங்கருக்கு அந்த வீட்டில் ஆள் இல்லை, அடுத்ததாகச் சிஸ்டத்தின் லிப்டிஃப்புக்குப் போகும், லிங்க் முடிந்துவிடும். முடிந்தது. ஆனால் பைத்தானில் பில்லோவை இம்போர்ட் செய்தால் லிப்டிஃப்பைக் காணோம் என்று அது அழ ஆரம்பித்தது. அதற்காக லிப்டிஃப்பைத் திரும்பப் போட்டிருக்கிறார், லிங்க் எரரும் திரும்பி வந்திருக்கிறது. இதற்கு நடுவே, லிங்க் ஆன நிரலை ஒருமுறை ஓட்டியும் பார்த்திருக்கிறார். அப்போது வந்தது வேறோர் எரர்: கோண்டா ஃபோல்டரில் உள்ள லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6-இல் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 என்ற பதிப்பு இல்லை, நம் நிரலுக்கு அது தேவை.

அவர் இதை வேறு ஏதோ புதுப் பிரச்சினை என்று ஒதுக்கிவைத்திருந்தார். அதே பிரச்சினைதான். லிங்க் நேரத்தில் ஆர்பாத் என்று கொடுத்தது எக்ஸிக்யூட்டபிளுக்குள் ரன்பாத் என்று பதிவாகிவிடுகிறது. கோப்பின் உள்விவரத்தைக் காட்டும் ரீட்எல்ஃப் கட்டளையில் மைனஸ் டி போட்டால் தெரியும். நிரல் எழும்போது லோடர் அந்த ரன்பாத்தைப் படித்து, நிரலுக்கு நேரடியாகத் தேவையான லைப்ரரிகளை முதலில் அங்கே தேடுகிறது. க்யூட்டிக்காகப் போட்ட வழி, ஆனால் அதே ஃபோல்டரில் சி++ இன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியும் இருக்கிறது. க்யூட்டியை எடுக்கப் போன லோடர் அதையும் அங்கேயே எடுத்துக்கொண்டது. எல்டி_டீபக் என்ற மாறிக்கு 'லிப்ஸ்' என்று மதிப்புக் கொடுத்து நிரலை ஓட்டினால், எந்த லைப்ரரிக்கு எந்தக் கோப்பை முயன்றது என்று லோடர் வரிவரியாகச் சொல்லும். இது ரன்பாத் சொன்ன வழி என்றுகூடக் குறித்துக் காட்டும். லிப்எஸ்டிடிசி++ முதல் முயற்சியிலேயே கோண்டாவில் கிடைத்துவிட்டதை அதில் பார்த்தோம்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு. 3.4.30 என்பது ஜிசிசி 12-ஓடு வந்த பதிப்பு. நாம் பில்ட் செய்தது ஜிசிசி 11-இல், அதனுடையது 3.4.29. கோண்டாவில் இருந்ததும் அதே 3.4.29 வரை தரும் லைப்ரரிதான். ஜிசிசி 11-இல் பில்ட் செய்த நிரல் எப்படி 12-இன் சிம்பலைக் கேட்கும்?

உபுண்டு 22.04-இல் கம்பைலர் ஜிசிசி 11 என்றாலும், சிஸ்டம் முழுவதற்கும் பொதுவான லிப்எஸ்டிடிசி++ ஜிசிசி 12-இலிருந்து வருகிறது. கோப்பின் பெயரே லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6.0.30. ஜிசிசி 11 லிங்க் செய்யும்போதும் அதன் கையில் இருப்பது அந்தக் கோப்புதான். ஒரு சிம்பலுக்குப் பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டும் இருந்தால் லிங்கர் வழக்கமாகப் புதியதையே பிடிக்கும். நம் நிரலில் அப்படிப் புதிய பதிப்பு பெற்ற சிம்பல் எது என்று என்எம் கட்டளையின் வெளியீட்டில் 3.4.30 என்று தேடினோம். ஒன்றே ஒன்று வந்தது. குழப்பமான அந்தப் பெயரை சி++ஃபில்ட் வழியே அனுப்பினால், கண்டிஷன் வேரியபிளின் வெயிட். பின்னணி த்ரெட் 'அடுத்த பக்கம் வரட்டும்' என்று காத்திருக்கும் அந்த ஒரு வரி! காத்திருக்கும் த்ரெட்டை இடையில் ரத்து செய்ய முடிய வேண்டும் என்பதற்காக ஜிசிசி 12-இல் அந்த வெயிட்டை மாற்றி, புதிய பதிப்பு எண் கொடுத்தார்கள். அந்த த்ரெட் இல்லாமல் இருந்திருந்தால் நிரல் 3.4.30-ஐக் கேட்டே இருக்காது. தவறான லைப்ரரியோடு நிரல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும், எனக்கு அது இதைவிட மோசமாகப் படுகிறது.

இதற்கும் கைவைத்தியங்கள் உண்டு. சிஸ்டத்தின் லிப்எஸ்டிடிசி++ கோப்பைக் கோண்டா ஃபோல்டருக்குள் காப்பி செய்வது ஒன்று. கோண்டாவின் அடுத்த அப்டேட் அதை மேலெழுதிவிடும், அப்புறம் எப்போது ஏன் உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்டி_லைப்ரரி_பாத் மாறியில் சிஸ்டம் ஃபோல்டரைப் போட்டு டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சியில் எழுதிவைப்பது இன்னொன்று. ரன்பாத்தைவிட அதற்கு முன்னுரிமை என்பதால் நம் நிரல் ஓடத்தான் செய்யும். ஆனால் அது இந்த நிரலோடு நிற்காது, அந்த டெர்மினலிலிருந்து கிளம்பும் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். ஒரு முறை சோதித்துப் பார்க்க நல்ல கருவி. நிரந்தரமாக வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பாதி க்யூட்டி இங்கிருந்து, பாதி அங்கிருந்து என்று ஏற்றினால், பொருந்தாத க்யூட்டி லைப்ரரிகளைக் கலக்க முடியாது என்று க்யூட்டியே நிரலை நிறுத்திவிடும் நாளும் வரும்.

சரிசெய்த விதம்

செய்ய வேண்டியது ஒன்றுதான்: சிமேக் கோண்டாவைப் பார்க்கக் கூடாது. கோண்டா டீஆக்டிவேட் கொடுத்துவிட்டு சிமேக்கை மறுபடி ஓட்டினார் தம்பி. அதே எரர். "நீங்க சொன்னதுதான் செஞ்சேன்ணா, மாறவே இல்ல" என்றார். சிமேக் கேஷ்தான் காரணம். ஒருமுறை கண்டுபிடித்த க்யூட்டி5_டிஐஆர் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த இடத்தில் க்யூட்டி இன்னமும் இருக்கும்வரை சிமேக் மறுபடி தேடாது. சூழலை மாற்றியதெல்லாம் அதன் காதில் விழவே இல்லை. பில்ட் ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு, புது டெர்மினலில் மறுபடி ஓட்டியதும் க்யூட்டி5_டிஐஆர் சிஸ்டத்தின் ஃபோல்டரைக் காட்டியது. லிங்க்.டிஎக்ஸ்டி கோப்பில் கோண்டா என்ற சொல்லே இல்லை. லிங்க் முடிந்தது, நிரல் எழுந்தது. பத்திரிகைப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் வலப்பக்கத்தில் தமிழ் எழுத்து வரத் தொடங்கியது.

ஒவ்வொரு முறையும் டீஆக்டிவேட் செய்ய நினைவிருக்காது. அதனால் டெர்மினல் திறக்கும்போது பேஸ் தானாக ஆக்டிவேட் ஆவதைக் கோண்டாவின் அமைப்பில் நிறுத்திவிட்டோம். பைத்தான் வேலை என்றால் மட்டும் ஆக்டிவேட் செய்துகொள்வார். இது அவர் கணினிக்கு. மற்றவர்கள் கணினிக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, சிமேக்கிலேயே குறிப்பிட்ட ஃபோல்டரை ஒதுக்கச் சொல்லும் இக்னோர் ப்ரிஃபிக்ஸ் பாத் என்ற மாறி நினைவுக்கு வந்தது. ஆனால் அது 3.23-இல்தான் வந்தது, உபுண்டு 22.04-இல் இருப்பது 3.22. கொடுத்தாலும் சிமேக் கண்டுகொள்ளாது. சிஸ்டம் சூழல் பாதைகளைத் தேடலில் சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்லும் மாறி 3.16 முதலே இருக்கிறது. அதை ஆஃப் செய்து பில்ட் குறிப்பில் எழுதிவைத்தோம். இதற்கு ஒரு விலை உண்டு: பாத்தை நம்பி வேறெதையாவது கண்டுபிடிக்கச் செய்திருப்பவர்கள் அதைக் கையால் சொல்ல வேண்டிவரும். கோண்டாவுக்குள்ளேயே முழு நிரலையும் பில்ட் செய்வதும் ஒரு வழிதான். கம்பைலர், க்யூட்டி, டெசராக்ட், லெப்டோனிகா எல்லாமே அங்கிருந்தே வர வேண்டும். அதுவும் சரியாக ஓடும். இரண்டு வீட்டிலும் கால் வைப்பதுதான் ஆகாது.

இன்ஸ்டால் செய்த பிறகு

பில்ட் ஃபோல்டரிலிருந்து ஓடிய நிரல், மேக் இன்ஸ்டால் கொடுத்து /யுஎஸ்ஆர்/லோக்கல் கீழே போனதும் லிப்பக்கம்.எஸ்ஓ.1-ஐக் காணோம் என்றது. இது பழைய கோளாறின் மிச்சம் அல்ல. பில்ட் ஃபோல்டரில் இருக்கும்வரை சிமேக் ரன்பாத் எழுதிக்கொடுக்கிறது, இன்ஸ்டால் செய்யும்போது அதை அழித்துவிடுகிறது. /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் உபுண்டுவின் தேடல் பட்டியலில் இருப்பதுதான். ஆனால் லோடர் பார்ப்பது ஃபோல்டரை அல்ல, முன்கூட்டியே தொகுத்துவைத்த கேஷை. அந்தக் கேஷைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையைச் சூடோ போட்டு ஒருமுறை ஓட்டியதும் தீர்ந்தது. இருந்தாலும் நிரலை ஹோம் ஃபோல்டரிலேயே இன்ஸ்டால் செய்பவர்களுக்காக, இன்ஸ்டால் ரன்பாத்தை $ஆரிஜின்/../லிப் என்று வைத்தோம். எக்ஸிக்யூட்டபிள் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தேடு என்று பொருள். இதை டெர்மினலில் கொடுப்பதானால் ஒற்றை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். இரட்டை மேற்கோளில் கொடுத்தால் ஷெல் அந்த டாலரைத் தன் மாறி என்று நினைத்து விழுங்கிவிடும். மிச்சம் /../லிப் மட்டும் பதிவாகும்.

எந்த லைப்ரரி எங்கிருந்து கிடைக்கும் என்று காட்டும் எல்டிடி கட்டளையால் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தோம். எல்லா வரியும் சிஸ்டம் ஃபோல்டரையே காட்டின, லிப்பக்கம் மட்டும் அதன் இடத்தில். எல்டிடியைப் பற்றி ஒரு வார்த்தை: சில சூழ்நிலைகளில் அது கோப்பை உண்மையிலேயே இயக்கிவிடும். நம் நிரலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கிருந்தோ இறக்கிய கோப்பு என்றால் ரீட்எல்ஃப் போதும்.

பில்ட் ஆன கோப்பை அப்படியே உபுண்டு 24.04 வைத்திருக்கும் இன்னொரு நண்பருக்கு அனுப்பினார்கள். அங்கே லிப்டெசராக்ட்.எஸ்ஓ.4 இல்லை என்று வந்தது. 22.04-இல் டெசராக்ட் 4.1.1, 24.04-இல் 5.3.4. லைப்ரரியின் பெயரே எஸ்ஓ.5 ஆகிவிட்டது. 4 என்ற பெயரில், 5-ஐச் சுட்டிக்காட்டும் ஒரு சிம்லிங்க் போட்டால் ஓடாதா என்று கேட்டார்கள். முதல் எண் மாறியிருப்பதே, பழைய நிரல் இதோடு சேராது என்று லைப்ரரிக்காரர்கள் எழுதிவைத்த அறிவிப்பு. சிம்லிங்க் அந்த அறிவிப்பைக் கிழித்துப்போடும், உள்ளே இருப்பதை மாற்றாது. சோர்ஸை அங்கேயே எடுத்து, டெவலப்மென்ட் பாக்கேஜ்களைப் போட்டு மறுபடி பில்ட் செய்யச் சொன்னோம். டெசராக்ட் 5-இல் பொது ஹெடர்களின் வகைப்பெயர்கள் சில மாறியிருந்ததால் ஓரிரு வரிகளைத் திருத்த வேண்டியிருந்தது. லிங்கர் எதுவும் கேட்கவில்லை.